ஏழைகளின் கறி, மிஷலின் ஸ்டார், எகிறும் விலை: அமெரிக்கத் தென் மாநிலங்களின் பார்பிக்யூ கடைகளில் என்ன நடக்கிறது?

பார்பிக்யூன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மேஜை நடுவில் கரி அடுப்பை வைத்து, கம்பியில் சொருகிய சிக்கனும் பன்னீரும் தருகிற பஃபே ஹோட்டல். இல்லைன்னா ரோட்டோரக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிற கிரில் சிக்கன்.

இந்த இரண்டையும் அமெரிக்காவின் தென் மாநிலத்துக்காரர் ஒருவரிடம் காட்டி 'இதுதான் பார்பிக்யூ' என்று சொன்னால், சண்டைக்கே வந்துவிடுவார். அவர்களுக்கு அது வெறும் சாப்பாடு இல்லை. சொந்த ஊர், இனம், அரசியல், கோர்ட் கேஸ் எல்லாம் கலந்த விஷயம்.

இப்போது அந்தக் கடைகள் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கின்றன. ஒரு பக்கம், பிரான்ஸைச் சேர்ந்த மிஷலின் கையேடு தேடி வந்து ஸ்டார் தருகிறது. மறுபக்கம், மாட்டிறைச்சி விலை எகிறி, கல்லாவில் மிச்சம் எதுவும் நிற்கவில்லை என்று கடைக்காரர்கள் புலம்புகிறார்கள். யாரும் வாங்காத மலிவான கறியை வைத்து ஏழைகள் உருவாக்கிய உணவு, கடைசியில் ஏழைகளே வாங்க முடியாததாக ஆகிவிடுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிரில் வேற, பார்பிக்யூ வேற

முதலில் அடிப்படை. கிரில் என்றால் அதிக சூடு, குறைந்த நேரம். தணலுக்கு நேர் மேலே கறியை வைத்து, சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். தென் மாநில பார்பிக்யூ இதற்கு நேர் எதிர். குறைந்த சூடு, நீண்ட நேரம், விறகுப் புகை. அடுப்பின் சூடு பெரும்பாலும் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரைதான். நேரம்? 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல்.

ஏன் இவ்வளவு நேரம்? காரணம், அவர்கள் எடுத்துக்கொண்ட கறி அப்படி. மாட்டின் நெஞ்சுப் பகுதியை 'பிரிஸ்கெட்' என்பார்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் மாட்டின் எடையைத் தாங்குகிற தசை அது. அதனால் நாரும் கொலாஜனும் அதிகம். சட்டென்று சமைத்தால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். மெதுவாகச் சூடேறினால் அந்தக் கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் ஆறினதும் கெட்டியாகுமே, அதே ஜெலட்டின்தான். அப்போதுதான் கறி விரலால் பிய்க்கிற பதத்துக்கு வரும்.

நடுவில் ஒரு சோதனையும் உண்டு. கறியின் உள்சூடு 65, 70 டிகிரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் ஏறாது. கறியிலிருந்து நீர் ஆவியாகி, நமக்கு வேர்வை வந்து உடம்பு குளிர்வதைப் போல கறியும் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதுதான் காரணம். புதுசாகச் சமைப்பவர் இந்த இடத்தில் பயந்துபோய் நெருப்பைக் கூட்டிவிடுவார். அனுபவசாலி காத்திருப்பார். அடுப்பைக் காக்கிற அந்த ஆளைத்தான் 'பிட்மாஸ்டர்' என்கிறார்கள். பிட் என்றால் குழி. ஒரு காலத்தில் தரையில் குழி தோண்டித்தான் சமைத்தார்கள். பிறகு அது செங்கல் அடுப்பானது, இரும்புத் தொட்டியானது. பேர் மட்டும் மாறவில்லை.

எந்த விறகு என்பதும் முக்கியம். கரோலினா பக்கம் ஹிக்கரி, ஓக். மத்திய டெக்சாஸில் போஸ்ட் ஓக். மெக்சிகோ எல்லையை ஒட்டின தெற்கு டெக்சாஸில் மெஸ்கீட். இந்த மெஸ்கீட் யார் தெரியுமா? நம்ம ஊரில் வெட்டித் தீராத சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்!

எங்கிருந்து வந்தது?

'பார்பிக்யூ' என்ற சொல், கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ பழங்குடி மக்களின் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 'பார்பகோவா' என்பது ஸ்பானியர்கள் எழுதி வைத்த வடிவம். நெருப்புக்கு மேலே கட்டிய மரச்சட்டம் என்பது அதன் பொருள்களில் ஒன்று.

பழங்குடிகளின் சமையல் முறை, ஐரோப்பியர் கொண்டுவந்த பன்றியும் மாடும் வினிகரும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட மக்களின் கைப்பக்குவம். இந்த மூன்றும் வர்ஜீனியா, கரோலினா பகுதிகளில் கலந்தபோது உருவானதுதான் தென் மாநில பார்பிக்யூ.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு பண்ணை முதலாளி நூற்றுக்கணக்கான பேருக்கு விருந்து வைப்பார். அரசியல்வாதி ஓட்டுக்காக விருந்து வைப்பார். ஆனால் ராத்திரி முழுக்கக் கண்விழித்து, குழி தோண்டி, விறகு பிளந்து, தணல் தள்ளி, பன்றியைப் புரட்டிப் போட்டது பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். விருந்து வைத்தவர் பேர் பதிவானது. சமைத்தவர் பேர் பல இடங்களில் இல்லை. இது ஏன் முக்கியம்னு பிறகு சொல்கிறோம்.

ஊருக்கு ஊர் மாறும் ருசி

தென் மாநிலங்களில் 'எது உண்மையான பார்பிக்யூ' என்று கேட்பது, நம்ம ஊரில் எந்த ஊர் பிரியாணி பெஸ்ட் என்று கேட்பது மாதிரி. முடிவே வராது. முக்கியமான பிரிவுகள் மட்டும் இங்கே:

கிழக்கு வட கரோலினா: முழுப் பன்றி. இரவு முழுக்கத் தணலில் வெந்ததும், எல்லாப் பகுதிக் கறியையும் சேர்த்துக் கொத்தி, வினிகரும் மிளகாயும் கலந்து தருவார்கள். தக்காளி கிடையாது. ஐடன் என்ற சிற்றூரில் 1947ல் தொடங்கிய ஸ்கைலைட் இன் கடை இதற்குப் பேர் போனது. கூரை மேல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைப் போலவே ஒரு குவிமாடம் கட்டி வைத்திருக்கிறார்கள். 'தலைநகரம் இதுதான்' என்று அர்த்தம்!

மேற்கு வட கரோலினா: அதே மாநிலம்தான். ஆனால் லெக்சிங்டன் பக்கம் போனால் பன்றியின் தோள் பகுதி மட்டும்தான். வினிகரில் கொஞ்சம் கெட்சப் சேரும். இந்தக் கொஞ்சம் கெட்சப்புக்காக இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை.

தென் கரோலினா: மஞ்சள் நிறக் கடுகு சாஸ். அங்கே குடியேறிய ஜெர்மானியர்களின் பங்களிப்பு என்று சொல்வார்கள்.

மெம்ஃபிஸ், டென்னசி: பன்றி விலா எலும்பு. சாஸ் தடவாமல், மசாலாப் பொடி மட்டும் தூவித் தரும் 'ட்ரை' வகை இங்கே பிரபலம். இதற்குப் பேர் வாங்கிக் கொடுத்த ரான்டவூ கடையை 1948ல் தொடங்கியவர், கிரேக்கக் குடியேறிக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லி வெர்கோஸ்.

அலபாமா: வெள்ளை சாஸ். மயோனைஸ், வினிகர், மிளகு கலந்தது. புகையில் வெந்த கோழியை அதில் முக்கி எடுப்பார்கள். ரயில்வே ஊழியரான பாப் கிப்சன் 1925ல் டெகேட்டர் ஊரில் தொடங்கிய கடையிலிருந்து பரவியது.

கென்டக்கி: ஓவன்ஸ்பரோ ஊரில் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. செம்மறி ஆட்டுக்கறி! அமெரிக்காவில் 'மட்டன் பார்பிக்யூ' கேட்க வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும்.

டெக்சாஸ்: மாட்டிறைச்சி ராஜ்ஜியம். ஜெர்மன், செக் குடியேறிகள் நடத்திய கறிக்கடைகளில், அன்றைக்கு விற்காத கறியைப் புகையில் போட்டு விற்றார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித் தொழிலாளர்கள் அதைக் காகிதத்தில் வாங்கி, நின்றபடியே கையால் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் பல கடைகளில் தட்டு கிடையாது, கசாப்புக் கடைக் காகிதம்தான். லாக்ஹார்ட் ஊரில் 1900ல் தொடங்கிய க்ரூய்ட்ஸ் மார்க்கெட்டில் வெகுகாலம் சாஸும் இல்லை, முள்கரண்டியும் இல்லை.

கேன்சஸ் சிட்டி: புவியியல்படி இது தென் மாநிலம் இல்லை. ஆனால் கதை அங்கிருந்துதான் போகிறது. மெம்ஃபிஸ் அருகே பிறந்த ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர், 1900களின் தொடக்கத்தில் இங்கே வந்து புகைக்கறியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் வழியாக வளர்ந்ததுதான் புகழ்பெற்ற ஆர்தர் பிரையன்ட்ஸ் கடை. தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பின மக்கள், கையோடு அடுப்பையும் கொண்டுபோனார்கள் என்பதற்கு இது சாட்சி.

தட்டில் பக்கத்தில் என்ன?

கறி மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். கோலார்ட் கீரை, சோள ரொட்டி, கோல்ஸ்லா, உருளைக்கிழங்கு சாலட், வாழைப்பழ புட்டிங், சர்க்கரை அள்ளிப் போட்ட ஐஸ் டீ. இதெல்லாம் சேர்ந்ததுதான் தென் மாநிலச் சாப்பாடு. தென் கரோலினாவில் 'ஹாஷ்' என்ற கறிக்குழம்பைச் சோற்றில் ஊற்றித் தருவார்கள்.

இதில் நமக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று வெண்டைக்காய், இன்னொன்று காராமணி. காராமணி ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, அமெரிக்கா இரண்டு பக்கமும் போனது. வெண்டைக்காயையும் காராமணியையும் தென் மாநிலங்களுக்குக் கொண்டு சேர்த்தது அடிமை வணிகக் கப்பல்கள்தான். புத்தாண்டு அன்று காராமணிச் சோறு சாப்பிட்டால் வருடம் நன்றாக இருக்கும் என்பது அங்கே இன்றும் நம்பிக்கை.

ஒரு பார்பிக்யூ கடை சுப்ரீம் கோர்ட் வரை போன கதை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1964 ஜூலை 2. அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஹோட்டல், தியேட்டர் போன்ற பொது இடங்களில் இனத்தின் பேரால் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்றது சட்டம்.

அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஆலீஸ் பார்பிக்யூ என்று ஒரு குடும்பக் கடை. அங்கே வேலை பார்த்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் வந்தால் பார்சல் மட்டும்தான். உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. சமைக்கலாம், பரிமாறலாம், உட்காரக் கூடாது. இதுதான் அன்றைய தெற்கு.

கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். 'நான் உள்ளூர்க் கடைக்காரன். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தத்தான் மத்திய அரசுக்கு அதிகாரம். என் கடைக்குள் எப்படி வர முடியும்?' என்பது அவர் வாதம்.

அவருக்கு எதிராக நின்றது கறிக் கணக்கு! சட்டம் வருவதற்கு முந்தைய 12 மாதங்களில் அந்தக் கடை சுமார் 1,50,000 டாலருக்கு உணவுப் பொருள் வாங்கியிருந்தது. அதில் 69,683 டாலர், அதாவது 46 சதவீதம், வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சிக்காகச் செலவானது. கறி மாநில எல்லை தாண்டி வருகிறது என்றால் கடையும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் பங்கு வகிக்கிறது, எனவே சட்டம் பொருந்தும் என்று 1964 டிசம்பர் 14ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. காட்சன்பாக் எதிர் மக்ளங் என்ற இந்த வழக்கு, அமெரிக்கச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கிற வழக்கு. அந்த நாட்டின் சின்னச் சின்ன ஹோட்டல்களின் கதவையும் திறந்துவிட்டது ஒரு பார்பிக்யூ கடையின் கறி பில்தான்.

இது மட்டும் இல்லை. தென் கரோலினாவில் கடுகு சாஸுக்குப் பேர் போன பிக்கி பார்க் கடைகளின் முதலாளி மாரிஸ் பெசிங்கரும் கறுப்பின மக்களை உள்ளே விடவில்லை. இந்தச் சட்டம் தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்றுகூட வாதாடினார். 1968ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட வழக்கில் ஜெயிக்கும் சாதாரண மக்களுக்கு வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பே பொதுவாகத் தர வேண்டும் என்றது கோர்ட். கையில் காசில்லாதவரும் உரிமைக்காக வழக்குப் போடலாம் என்ற நிலையை உருவாக்கிய தீர்ப்பு இது.

பெசிங்கர் அதோடு நிற்கவில்லை. 2000ம் ஆண்டில் மாநிலத் தலைமைச் செயலகக் குவிமாடத்திலிருந்து கூட்டமைப்புக் கொடி இறக்கப்பட்டபோது, தன் கடைகளில் அதே கொடியை ஏற்றினார். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் கொடி அது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் அவர் சாஸ் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. எந்தக் கடையில் சாப்பிடுகிறாய் என்பதே அரசியல் நிலைப்பாடாக மாறிய காலம்.

ஓட்டும் கறியும்

அரசியல்வாதிகளுக்கும் பார்பிக்யூவுக்கும் உறவு ரொம்பப் பழசு. முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் டைரிக் குறிப்பிலேயே பார்பிக்யூ விருந்து வருகிறது. டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சன் ஜனாதிபதி ஆன அடுத்த மாதமே, 1963 டிசம்பரில், மேற்கு ஜெர்மனித் தலைவர் லுட்விக் எர்ஹார்டைத் தன் ஊருக்கு அழைத்து பார்பிக்யூ விருந்துதான் வைத்தார்.

கென்டக்கியின் ஃபேன்சி ஃபார்ம் என்ற கிராமத்தில் ஒரு கத்தோலிக்க தேவாலயம் 1880 முதல் நடத்தும் விருந்து இன்றும் நடக்கிறது. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. பன்றியும் ஆட்டுக்கறியும் புகையில் வேகும். மாநிலத்தின் பெரிய தலைவர்கள் மேடையேறி ஒருவரை ஒருவர் கிண்டலடிப்பார்கள், கூட்டம் கத்தும். தேர்தல் ஆண்டில் இந்த மேடையைத் தவிர்க்கிற வேட்பாளர் யோசித்துத்தான் தவிர்ப்பார்.

ஸ்டார் யாருக்கு?

2000க்குப் பிறகு பார்பிக்யூவின் மவுசே மாறிவிட்டது. டெக்சாஸ் மன்த்லி பத்திரிகை, 2008ல் லெக்சிங்டன் என்ற சிற்றூரின் ஸ்னோஸ் கடையை மாநிலத்திலேயே முதலிடம் என்று அறிவித்தது. சனிக்கிழமை மட்டும் திறக்கும் கடை. அடுப்பில் நிற்பவர் 1935ல் பிறந்த டூட்ஸி டொமனெட்ஸ் என்ற பாட்டி. உலகமே அங்கே கிளம்பியது.

2009ல் ஆஸ்டின் நகரில் ஒரு பழைய டிரெய்லரில் ஆரோன் ஃப்ராங்க்ளின் தொடங்கிய கடைக்கு விடியற்காலையிலேயே நாற்காலி போட்டு வரிசையில் காத்திருப்பது வழக்கமானது. 2014ல் ஜனாதிபதி ஒபாமா வந்தார். வரிசையை மீறி முன்னால் போனதற்கு ஈடாக, பின்னால் நின்றவர்களின் பில்லையும் சேர்த்துக் கட்டினார். 2015ல் ஃப்ராங்க்ளினுக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. அமெரிக்கச் சமையல் உலகின் ஆஸ்கர் என்று சொல்லப்படும் விருது.

2018ல் அதே விருதின் தென்கிழக்குப் பிரிவு, ராட்னி ஸ்காட்டுக்குப் போனது. தென் கரோலினாவின் ஹெமிங்வே கிராமத்தில் அப்பா அம்மா 1972ல் தொடங்கிய கடை அவருடையது. 11 வயதில் முதல் பன்றியைச் சமைத்தவர். 2013ல் அந்தக் கடையின் சமையல் கூடம் எரிந்தபோது, ஊர் ஊராகப் போய்ச் சமைத்துப் பணம் திரட்டி மீண்டும் கட்டினார்.

2024 நவம்பரில் டெக்சாஸுக்கு முதல் மிஷலின் கையேடு வந்தது. இன்டர்ஸ்டெல்லார், லா பார்பிக்யூ, லெராய் அண்ட் லூயிஸ், கார்க்ஸ்க்ரூ என்று நான்கு பார்பிக்யூ கடைகளுக்குத் தலா ஒரு ஸ்டார். 2025 நவம்பரில் அலபாமா, மிசிசிப்பி, கரோலினாக்கள் உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கும் தனிக் கையேடு வந்துவிட்டது. ஒரு தகவல்: மிஷலின் தானாக வந்துவிடவில்லை. மாநில, நகரச் சுற்றுலா அமைப்புகள் பணம் கொடுத்துத்தான் அழைத்து வந்தன. பணம் கொடுத்தால் ஸ்டார் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் எந்த ஊருக்குப் போவார்கள் என்பதில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு.

இங்கேதான் விமர்சனம். பார்பிக்யூவைக் கட்டி எழுப்பியதில் கறுப்பின சமையல்காரர்களின் பங்கு இவ்வளவு பெரிதாக இருக்க, டிவியிலும் பத்திரிகையிலும் விருதிலும் பெரும்பாலும் வெள்ளையர் முகங்கள்தான் வருகின்றன என்பது நீண்ட நாள் குற்றச்சாட்டு. வரலாற்று எழுத்தாளர் ஏட்ரியன் மில்லர் 2021ல் வெளியிட்ட 'பிளாக் ஸ்மோக்' புத்தகம் முழுக்க இதைத்தான் பேசுகிறது. இதில் வெறும் கௌரவம் மட்டும் இல்லை. பேர் வந்தால் பேங்க் லோன் வரும், முதலீட்டாளர் வருவார், புத்தக ஒப்பந்தம், சாஸ் பாட்டில் வியாபாரம் எல்லாம் வரும். பேர் வராதவர், சாலையோரச் சின்னக் கடையிலேயே ஓய்ந்துபோவார்.

விலை ஏன் எகிறுது?

சரி, இன்றைய பிரச்சினைக்கு வருவோம். 2025 ஜனவரி 1 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.67 கோடி. 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததே இல்லை.

முதல் காரணம் வறட்சி. மேய்ச்சல் நிலம் காய்ந்து, தீவன விலை ஏறியதும், பண்ணைக்காரர்கள் கன்று ஈனும் பசுக்களையே விற்றுவிட்டார்கள். விதை நெல்லை விற்பது மாதிரிதான் இது. மழை வந்தாலும் உடனே சரியாகாது. ஒரு கிடாரி வளர்ந்து கன்று போட 2 வருடம். அந்தக் கன்று கறிக்குத் தயாராக இன்னும் ஒன்றரை வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் ஒரு புழு. ஸ்க்ரூவர்ம் என்ற ஈயின் புழுக்கள், உயிரோடு இருக்கும் விலங்கின் சதையைத் தின்னும். மெக்சிகோவில் இது பரவியதால், 2025 மே மாதம் அங்கிருந்து மாடுகள் வருவதை அமெரிக்கா நிறுத்தியது. அதற்கு முன் வருடத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல் மாடுகள் அந்த வழியாக வந்துகொண்டிருந்தன.

மூன்றாவது, டிரம்ப் அரசின் வரி. மாட்டிறைச்சி ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் பிரேசில் மீது 2025 ஆகஸ்ட்டில் கூடுதல் வரி விழுந்தது. உள்நாட்டில் விலை எகிறி எதிர்ப்பு வந்ததும், நவம்பரில் மாட்டிறைச்சிக்கு விலக்கு கொடுக்க வேண்டியதாயிற்று.

விளைவு? 2020 தொடக்கத்தில் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், மாட்டுக் கொத்துக்கறியின் சராசரி விலை 4 டாலருக்கும் கீழே. 2025 ஜூனில் 6 டாலரைத் தாண்டிவிட்டது.

பார்பிக்யூ கடைக்காரருக்கு அடி இரண்டு மடங்கு. ஏனென்றால் பிரிஸ்கெட் வேகும்போது நீரும் கொழுப்பும் போய், ஓரம் வெட்டியதும் போக, எடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒரு உதாரணக் கணக்கு: பச்சைக் கறி பவுண்டு 5 டாலர் என்றால், வெந்த கறியின் அடக்கவிலை அப்போதே 10 டாலர். பச்சைக் கறி 1 டாலர் ஏறினால் வெந்த கறி 2 டாலர் ஏறும். இதற்கு மேல் விறகு, ராத்திரி ஷிஃப்ட் சம்பளம், வாடகை. புகழ்பெற்ற டெக்சாஸ் கடைகளில் இப்போது ஒரு பவுண்டு பிரிஸ்கெட் 30 டாலருக்கு மேல் போவது இதனால்தான்.

'அவ்வளவு விலைக்கு விற்கிறானே, நல்ல லாபம்தானே?' என்று தோன்றலாம். இல்லை. பல கடைகளுக்கு பிரிஸ்கெட் என்பது வாடிக்கையாளரை உள்ளே இழுக்கிற பொருள் மட்டும்தான். காசு மிஞ்சுவது கோழி, சாசேஜ், பீன்ஸ், புட்டிங் போன்றவற்றில். அதனால்தான் ஓரம் வெட்டிய கறியைச் சாசேஜ் ஆக்குவது, வான்கோழியை முன்னால் வைப்பது, திறக்கும் நாள்களைக் குறைப்பது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி தேடுகிறார்கள்.

இதில் கரோலினா கடைகளுக்கு வேறு விதமான பிரச்சினை. பன்றிக்கறி விலை மாட்டிறைச்சி அளவுக்கு ஏறவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க விறகடுப்பு காக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் கேஸ், மின்சார அடுப்புக்கு எத்தனையோ கடைகள் மாறிவிட்டன. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். 'அது பார்பிக்யூவே இல்லை' என்று விறகடுப்புக் கடைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற இயக்கமே வட கரோலினாவில் நடக்கிறது.

சின்னக் கடை நின்றால்தான்

மொத்தத்தில் விஷயம் என்னன்னா, பெரிய நகரத்தில் பேர் வாங்கின கடை எப்படியும் தாக்குப்பிடிக்கும். 35 டாலர் சொன்னாலும் விமானம் ஏறி வந்து வாங்க ஆள் இருக்கிறது. பக்கத்து மில்லில் வேலை முடிந்து வருகிற ஆளுக்கு ஒரு சாண்ட்விச் விற்கிற கடைதான் சிக்கலில் இருக்கிறது. அந்தக் கடை விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார். ஏற்றாவிட்டால் கடையே போய்விடும்.

டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் வேராஸ் என்ற கடை. மாட்டுத் தலையை மெஸ்கீட் தணலில், தரையில் தோண்டிய குழியில் இரவு முழுக்கப் புதைத்து வேகவைக்கும் பழைய பார்பகோவா முறை அங்கே இன்னும் இருக்கிறது. புதிதாக யாராவது இப்படி ஒரு கடை தொடங்க நினைத்தால் சுகாதார விதிகள் விடாது. பழைய கடை என்பதால் மட்டுமே அது ஓடுகிறது. 2020ல் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பு அதை அமெரிக்காவின் பாரம்பரியக் கடைகளில் ஒன்றாகக் கௌரவித்தது. ஆனால் அந்த அடுப்பு அணைந்தால், அதற்குப் பதிலாக இன்னொன்று வரப்போவதில்லை.

ஆர்கன்சாவின் மரியானா என்ற சின்ன ஊரில் ஜோன்ஸ் பார்-பி-க்யூ டைனர். கறுப்பினக் குடும்பம் ஒன்று 100 வருடத்துக்கும் மேலாக நடத்தி வரும் கடை. மெனு என்று பெரிதாக எதுவும் இல்லை. பன்றித் தோள் கறி, சாஸ், வெள்ளை பிரெட். காலையில் திறந்து, கறி தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். 2012ல் ஜேம்ஸ் பியர்ட் விருது வந்தபோதும் இதே மெனுதான். 2021 பிப்ரவரியில் தீ விபத்தில் சமையல் கூடம் எரிந்துபோனது. அமெரிக்கா முழுக்க முகம் தெரியாதவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். அதே வருடத்தில் கடை மறுபடியும் திறந்தது. சாண்ட்விச் அதே சாண்ட்விச்தான்.

டல்லாஸ், ஆஸ்டின், சார்லட் பக்கம் நம்ம ஆள்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அங்கே இருப்பவர்களும், போகப்போகிறவர்களும் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நல்ல பார்பிக்யூ கடைக்கு மதியம் 2 மணிக்கு மேல் போனால் 'தீர்ந்துபோச்சு' போர்டுதான் தொங்கும். சீக்கிரம் போங்கள். இரண்டாவது, ஸ்டார் வாங்கின கடைக்கு ஒருமுறை போங்கள், தப்பில்லை. ஆனால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பின்பக்கம் விறகு அடுக்கி, புகைபோக்கியில் புகை வருகிற ஒரு சின்னக் கடையைப் பார்த்தால் அங்கேயும் வண்டியை நிறுத்துங்கள். அடுத்த வருடம் அந்தக் கடை இருக்குமா என்பது, இந்த வருடம் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.